கல்லில் ஏறிய பெயர்

கடலரசனைச் சேரப் போகும் நாணமோ, நெடுந்தூரம் ஓடிவந்த களைப்போ, பொருநை நதி மணவாய்க் கோட்டையின் மதிலோரம் வந்ததும் தன் வேகத்தையெல்லாம் உதறிவிட்டு அகன்று பரந்து அசையாமல் கிடந்தது. மேற்கே கதிரவன் செம்பஞ்சுக் குழம்பைக் கொட்டிவிட்டு விடைபெற்றுக்கொண்டிருக்க, கிழக்கே பௌர்ணமிக்கு ஒருநாள் முந்திய நிலவு அவசரக்காரியைப் போல முன்னதாகவே எழுந்து, அலையாத்திக் காடுகளின் தலைக்குமேல் எட்டிப் பார்த்தது. இரு ஒளிகளும் கலந்த நீரில் வடகரையிலிருந்து ஓர் ஓடம் தனியாக வந்துகொண்டிருந்தது.

ஓடத்தில் இருவர். துடுப்புப் போட்டவன் மாசாணம். வாய் மூடத் தெரியாத ஓடக்காரன். எதிரே அரபுநாட்டுச் சோனகக் குதிரை வணிகரைப் போலத் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்து, குறுந்தாடியோடு ஒருவன் அமர்ந்திருந்தான்.

"குதிரை வாங்க வந்தீரா, விக்க வந்தீரா மரைக்காயரே?"

"பார்க்க வந்தேன்."

"பார்க்கதுக்குன்னா நாளைக்குக் காலையில கோட்டைக்குள்ள வாரும். அரையர் கலிகண்டத் தேவரோட சொந்தத் தங்கச்சி செண்பகநாச்சியாருக்கே தலை போவப் போவுதாம்லா!"

வணிகனின் கை ஓடத்தின் விளிம்பை இறுகப் பற்றியது. "ஏனாம்?"

"மூணு மாசத்துக்கு முந்தி இங்க மானவீரன்னு ஒரு குதிரைப்படைத் தலைவன் இருந்தான். முத்துத்துறை அதிகாரி ஒருத்தன், மூச்சு முட்டி மேல வந்த குளியாளைச் சாட்டையால விளாசியிருக்கான். இவன் பார்த்தான். விட்டான் ஒரு குத்து. ஒரே குத்துதான்வே! அதிகாரி படித்துறையில தலை மோதிச் செத்துப் போனான். அன்னைக்குச் சாயங்காலமே மந்திராலோசனை கூடி, மானவீரன் தலையை எடுக்கணும்னு முடிவு பண்ணினாவ. ஆளைப் பிடிக்கப் போனா, பறவை பறந்துபோச்சு. உள்ள இருந்த யாரோ ஒருத்தர் ஓடிப்போய்ச் சொல்லியிருக்காவ. சபை ரகசியத்தை வெளிய விட்டா, அது அரையர் வீட்டு ஆளாவே இருந்தாலும் மரணந்தான். ஆனா யாருன்னு கண்டுபிடிக்க முடியலை."

"இப்போது மட்டும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

"அந்த மகராசனே சொல்லிட்டாம்லா! வடகரைக் கோயில்ல நந்தா விளக்கு ஒண்ணு ஏத்தி, 'நம்மை உயிர்காத்த செண்பகநாச்சியார் பேரால்'னு கல்லுல வெட்டி வச்சிருக்கான். அங்க போன நம்ம ஊர் ஆளு எவனோ படிச்சிட்டு வந்து ஓதிட்டான். நன்றி சொல்லணும்னா மனசுக்குள்ள சொல்லப்படாதா, சவத்துப்பய? ஏன்வே, நீரு ஏன் இப்படி நடுங்குதீரு? ஓடம் ஆடுது!"

"நீர்க்காற்று" என்றான் வணிகன்.

வாசகர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள். நடுங்கியவன் மானவீரனேதான். உயிர் காத்தவர் பெயரால் விளக்கேற்றி, அப்பெயரைக் கல்லில் வெட்டி, சூரிய சந்திரர் உள்ளவரை நிலைநிறுத்துவது அந்நாளைய வீரர்களின் கடமை. அதைச் செய்யாதவனை நன்றிகெட்டவன் என்று ஊர் ஏசும். மானவீரன் கடமையைத்தான் செய்தான். அந்தக் கடமை நாளைக் காலை அவன் நேசித்த பெண்ணின் கழுத்தில் வாளாக இறங்கப் போகிறது என்பதை நேற்று அறிந்தவன், எப்படியாவது அவளை மீட்க வேண்டுமென்று சாவின் வாய்க்குள் தானாகவே திரும்பி வந்திருக்கிறான்.

பட்டினத்தின் தென்கோடியில் சோனகர் தெரு. அதன் கடைசி வீடு, சோனகர்களுக்கு நீதி சொல்லும் காஜியார் வீடு. காஜியார் ஹஜ்ஜுக்குக் கப்பலேறி ஐந்து மாதமாகிறது. வீட்டையும் அவருடைய மார்க்க நூல்களான கிதாபுகளையும் காத்துவந்தவள் அவர் தங்கை சுலைஹா நாச்சி. நரைத்த தாடிக்காரர்களும் சந்தேகம் வந்தால் திரைக்கு இப்பால் நின்று அவளிடம் கேட்டுத் தெளிவு பெறுவார்கள். தெளிவோடு இரண்டு வசவும் வாங்கிச் செல்வார்கள். அதிகாரியை வீழ்த்திய அன்று மானவீரன் ஒளிந்திருந்தது இந்த வீட்டில்தான். அந்தியிருட்டில் முகம் மூடிய ஓர் உருவம் மூச்சிரைக்க ஓடிவந்து, கிசுகிசுத்த குரலில் எச்சரித்துவிட்டுப் போனதும் இங்கேதான்.

இப்போது மானவீரனின் குரலைக் கேட்டதும் திரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"வேசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்தச் சோனகன்வே தலைப்பாகையை இப்படிப் பனங்காய் மாதிரி சுத்துவான்? காவல்காரன் கண்ணு அவிஞ்சு போனதால தப்பிச்சு வந்தீரு."

"நாச்சியாரே, பரிகாசம் வேண்டாம். எனக்காக ஓடிவந்த பாவத்துக்காகத் தேவியைக் கொல்லப் போகிறார்கள். கோட்டைக்குள் நுழைய வழி சொல்லும்."

"ஓடிவந்தது தேவின்னு உமக்கு யாரு சொன்னா?"

மானவீரன் திகைத்தான். "சொல்ல வேண்டுமா? முகத்தை மூடியிருந்த மேலாடையில் புனுகு மணம் கமழ்ந்தது. அந்தப் புனுகை இவ்வூரில் பூசுகிறவர் அவர் ஒருவரே. மூன்று வசந்த விழாக்களில் அவர் என்னைப் பார்த்த பார்வையும்..."

"பார்வையா!" திரை ஒருமுறை கோபமாக அசைந்தது. "கேளும். எங்க வேதத்துலயும் இப்படி ஒருத்தர் வாராரு. மூஸா நபி ஒரு குத்து விட்டாங்க, ஒருத்தன் செத்துப்போனான். பட்டணத்தோட கடைக்கோடியிலருந்து ஒரு மனுசர் ஓடிவந்தாரு. 'பெரிய தலையெல்லாம் கூடி உம்மைக் கொல்லப் பேசுறாங்க, வெளியேறிடும்'னாரு. அவ்வளவுதான். அவரு பேரு என்ன, எந்த வீடு, ஒண்ணும் வேதத்துல இல்ல. பின்னால வந்த, மார்க்கம் படிச்ச ஆலிம்கள்ல சிலபேர் ஹிஸ்கீல்ம்பாங்க. சிலபேர் ஷம்ஆன்ம்பாங்க. எகிப்து ராசா ஃபிர்அவ்னோட சொந்தக்காரரே, அல்லாஹ் மேல உள்ள ஈமானை உள்ளுக்குள்ள மறைச்சு வச்சிருந்தவருதான்னும் சொல்லுவாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டு, கடைசியில 'அல்லாஹ்வே நன்கறிந்தவன்'னு எழுதித்தான் எழுதுகோலைக் கீழ வைப்பாங்க. அந்த மனுசர் கண்ணை மூடி மௌத்தாகி எத்தனையோ நூறு வருசம் ஆன பொறவு, யாருக்கும் கெடுதல் வராத காலத்துல, அதுவும் இத்தனை தயங்கித் தயங்கி! நீரு மூணே மாசத்துல கல்லுல வெட்டிட்டீரு. தயக்கம் ஒரு எழுத்துலயாவது இருக்கா?"

"அப்படியானால் வந்தது யார்? கதவைத் திறந்தவர் நீர். உமக்குத் தெரியும்!"

"தெரியும். அதனாலதான் சொல்ல மாட்டேன்."

மேலும் அவன் வற்புறுத்தியிருப்பான். ஆனால் அந்தக் கணத்தில் வாசற்கதவு மும்முறை தட்டப்பட்டது. சுலைஹா திரைக்கு வெளியே கை நீட்டிச் சாடை காட்ட, மானவீரன் கிதாபு அறைக்குள் மறைந்தான்.

உள்ளே வந்தவனைக் கதவிடுக்கில் பார்த்தபோது மானவீரனின் கை தானாக உடைவாளைத் தேடியது. வந்தவன் தண்டநாயகன் வயிரமேகன். பத்தாண்டுகளாக அவனோடு போட்டியிட்டவன்; அணிவகுப்பிலும் வில்வித்தையிலும் தேவியின் கடைக்கண் பார்வையிலும் அவனுக்குக் குறுக்கே நின்றவன்.

"நாச்சியாரே" என்றான் வயிரமேகன். அவன் குரலில் வழக்கமான ஆணவம் இல்லை. "நாளைச் சபையில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். அன்று இங்கே ஓடிவந்தவன் நான்தானென்று. உமக்குத் தீங்கு வராமல் பேசுவேன். முன்கூட்டித் தெரிவிக்கத்தான் வந்தேன்."

கிதாபு அறைக் கதவு படீரென்று திறந்தது. "நீரா? நீரா எனக்காக ஓடிவந்தீர்?"

வயிரமேகன் ஒரு கணம் அயர்ந்துபோனான். அடுத்த கணமே அவன் உதடு பழைய ஏளனத்தில் வளைந்தது. "அடடே! கல்வெட்டுக் கவிராயரா? வாரும், வாரும். அடுத்து யார் தலையை எந்தக் கல்லில் வெட்டுவதாக உத்தேசம்?"

"நீர் என்னை வெறுப்பவராயிற்றே!"

"இப்போதும் வெறுக்கிறேன். நேற்றைவிட இன்று அதிகமாக."

"பிறகு ஏன்?"

வயிரமேகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அந்த அதிகாரியின் சாட்டையை நானும் பலநாள் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பேசாமல் குதிரையைத் திருப்பிப் போயிருக்கிறேன். நீர் அப்படிப் போகவில்லை. அந்த ஒன்றுக்காக. பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் செருப்பு அறுந்துவிட்டது. வெறுங்காலோடு திரும்பி நடப்பதைவிட ஓடுவதே மரியாதை என்று தோன்றியது."

"அந்தப் புனுகு மணம்?"

"தேவி என் பல்லக்கில் மறந்துவிட்டுப் போன மேலாடை. முகத்தை மூட வேறு துணி கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அவருக்கும் எனக்கும் திருமணம். உமக்குச் சேதி வரவில்லை போலிருக்கிறது."

மானவீரனின் நெஞ்சில் ஏதோ அறுந்தது. ஆயினும் விடாப்பிடியாகச் சொன்னான்: "இருக்கட்டும். அவர் ஓடிவரவில்லை, அவ்வளவுதானே? சபையில் எனக்காக ஒரு சொல்லாவது பேசியிருப்பார்."

"பேசினார்" என்றான் வயிரமேகன். சிறிது தயங்கி, பின் இரக்கமில்லாமலே சொன்னான்: "உம் தலையைக் கேட்டு முதலில் எழுந்தவரே அவர்தாம். 'வெட்டுவதற்கு ஆள் கிடைக்காவிட்டால் வாளை என்னிடம் தாருங்கள்' என்றார். இறந்த அதிகாரி அவருடைய செவிலித்தாயின் மகன். இருவரும் ஒரே மடியில் வளர்ந்தவர்கள். அந்த வேகத்தைக் கண்டு எல்லோரும் 'ஆம்' என்றோம். நானும் அவர் பக்கத்தில் நின்று வாளை உயர்த்தி 'ஆம்' என்றேன். உம்முடைய கல்லைக் கண்ட பிறகோ, அவர் முதலில் எழுந்ததே வேடம் என்கிறார்கள். அவரோ, தம்மைச் சந்தேகிப்பதே அவமானமென்று ஒரு வார்த்தை பேச மறுக்கிறார்."

மூன்று மாதங்களாக அன்னிய மண்ணில் படுக்கும்போதெல்லாம் அந்தப் புனுகு மணத்தை நினைத்துக்கொண்டு கண்மூடிய மானவீரன், சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் அமர்ந்தான். அவன் ஏற்றிய விளக்கு, அவன் தலையைக் கேட்டவளின் பெயரால் இந்த நிமிடமும் எரிந்துகொண்டிருக்கிறது! வஞ்சிக்கப்பட்டேன் என்று கூவ வாயெடுத்தான். யார் வஞ்சித்தார்கள்? அவள் அவனுக்கு எதையும் வாக்களித்ததில்லையே. பகைவன் என்று எண்ணியவன் காத்தான். உயிரென்று எண்ணியவள் வாள் கேட்டாள். நன்றியென்று எண்ணித் தான் செய்த காரியமோ இருவரையும் கொலைக்களத்துக்கு இழுத்துப்போகிறது.

நெடுநேரம் கழித்து அவன் நிமிர்ந்தபோது கண்கள் உலர்ந்திருந்தன. "தண்டநாயகரே, கோட்டைக் கதவு விளக்கு வைத்ததுமே சாத்தியிருப்பார்கள். விடியும்வரை கொட்டிலில் இளைப்பாறும். காலையில் பேசிக்கொள்வோம்."

காலையில் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கிழக்கு வெளுக்குமுன் மானவீரன் கொல்லைப்புறத்துக் குதிரைக் கொட்டிலின் கதவுக்கு வெளிப்புறம் கனத்த மரத்தாழ்ப்பாளைப் போட்டான். உள்ளேயிருந்து உதையும் ஏச்சும் கேட்டன.

"நான் ஒண்ணும் பார்க்கல" என்றாள் சுலைஹா சமையற்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து. "ஆனா சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால திறக்கவும் மாட்டேன். போம்."

மணவாய்ச் சபாமண்டபத்தில் சாமரங்கள் அசைய மறந்து நின்றன. சிம்மாசனத்தில் கலிகண்டத் தேவர் கல்லில் செதுக்கிய முகத்தோடு வீற்றிருந்தார். நடுவே, கைகள் பட்டுக்கயிற்றால் பிணைக்கப்பட்டு, தலை நிமிர்ந்து நின்றாள் செண்பகநாச்சியார்.

"கடைசியாகக் கேட்கிறேன். சபை ரகசியத்தை வெளியிட்டது நீதானா?"

அவள் தமையனைப் பார்த்தாளே தவிர வாய் திறக்கவில்லை. அரையர் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்கள்!"

வாயிற்புறத்திலிருந்து வந்த குதிரை வணிகன் தலைப்பாகையைக் கழற்றி எறிந்தான். "மானவீரன்!" என்ற கூச்சல் மண்டபத்தை நிறைத்தது. ஈட்டிகள் அவன் மார்பைச் சூழ்ந்தன.

"வா" என்றார் அரையர் மெதுவாக. "உன் தலை எப்போதோ எங்களுடையது. என் தங்கையின் தலை உன் நாவில் இருக்கிறது. அன்று உன்னிடம் ஓடிவந்தது இவளில்லையென்றால், வந்தவர் பெயரைச் சொல்."

"ஒருவரும் ஓடிவரவில்லை, அரையர் பெருமானே."

"பொய்!"

"பொய் சொன்னது என் கல். மந்திராலோசனை நடந்த மாலையில் நான் தப்பியோடியிருக்கவில்லை. இந்த மண்டபத்தின் மேல்மாடத்துப் புறாக்கூட்டில் ஒளிந்திருந்து என் விதியை நானே கேட்டேன். 'வெட்டுவதற்கு ஆள் கிடைக்காவிட்டால் வாளை என்னிடம் தாருங்கள்!' சபையோரே, இந்த வார்த்தைகள் நினைவிருக்கின்றனவா? முதலில் எழுந்து இதைச் சொன்னது யார்?"

சபை அதிர்ந்தது. செண்பகநாச்சியாரின் முகத்தில் முதன்முறையாக நிறம் மாறிற்று.

"ஓடிவந்தவர் இதையும் உன்னிடம் சொல்லியிருக்கலாமே!" என்றார் அரையர்.

"சொல்லியிருந்தால், என் தலையைக் கேட்டவள் பெயரால் விளக்கேற்ற எனக்குப் பைத்தியமா? நன்றிக்காகவா அந்தக் கல்லை நட்டேன்? பழிக்காக நட்டேன்! வாள் கேட்டவள் கழுத்தில் அவள் அண்ணன் கையாலேயே வாள் விழட்டும் என்று நட்டேன். அது நடப்பதைக் கண்ணாரக் காணத்தான் இன்று வந்தேன்." அவன் குரல் அங்கே உண்மையாகவே உடைந்தது. "கயிற்றோடு நிற்பதைப் பார்த்தேன். காண முடியவில்லை."

"சீ!" என்றது ஒரு குரல். "சண்டாளா!" என்றது இன்னொன்று. மானவீரன் அத்தனை வசவையும் தலைகுனிந்து ஏற்றான். பொய் முழுமையாக நிலைத்துவிட்டதற்கு அதைவிட வேறு சாட்சி எதற்கு? அரையர் தாமே இறங்கிவந்து தங்கையின் கட்டை அவிழ்த்தார்; மறுநாள் சூரியோதயத்தில் மானவீரனின் சிரச்சேதம் என்று தீர்ப்பும் அளித்தார்.

அன்று அந்திவேளை. கடலைப் பார்த்த சிறையறையின் கதவு ஓசையின்றிப் பாதி திறந்தது. கையில் சிறு விளக்கோடு செண்பகநாச்சியார் நின்றாள்.

"மேல்மாடத்துப் புறாக்கூடு என்றீர்கள்" என்றாள். "அந்தக் கூட்டின் சாவி ஐந்தாண்டுகளாக என் இடையில் இருக்கிறது. நானில்லாமல் ஒரு புறாகூட அதற்குள் நுழைந்ததில்லை."

மானவீரன் எழுந்து சுவரோரம் ஒதுங்கி நின்றான்.

"ஆகவே நீங்கள் எதையும் ஒளிந்து கேட்கவில்லை, பழிவாங்கவும் இல்லை. நான் உங்களைக் காப்பாற்றியதாக உண்மையாகவே நம்பி விளக்கேற்றியிருக்கிறீர்கள். எவ்வளவு பெரிய முட்டாள் நீங்கள்!"

"ஆம், தேவி."

"என் வார்த்தைகளை உங்களுக்குச் சொன்னவர் யார்? அந்தப் பெயரைச் சொன்னால் இந்தக் கதவு முழுவதும் திறக்கும்."

"சாத்திவிடுங்கள், தேவி. கடற்காற்றில் விளக்கு அணைந்துவிடும்."

அவள் ஓரடி உள்ளே வந்தாள். பிறகு அவள் குரல் தணிந்தது. "உங்கள்மீது எனக்கு இரக்கமில்லை. என்னோடு பால் குடித்தவனைக் கொன்றீர்கள். ஆனால் இதையாவது சொல்லுங்கள். எதை வைத்து, வந்தவள் நானென்று நினைத்தீர்கள்?"

நாளைச் சாகப் போகிறவன். மூன்று மாதங்கள் நெஞ்சில் சுமந்ததை, அதற்கு உரியவளே கேட்கிறாள். இதில் என்ன ஆபத்து என்று எண்ணிவிட்டான் அந்தப் பேதை.

"மேலாடையில் உங்கள் புனுகு மணம் இருந்தது."

அவள் தன் தோளிலிருந்த மேலாடையின் முனையை விரல்களால் பற்றிப் பார்த்தாள்.

"என் மேலாடை" என்றாள் மெல்ல. "அன்று பிற்பகல் அதை ஒரு பல்லக்கில் மறந்து விட்டுவந்தேன். இன்று காலை எனக்குத் தீர்ப்புச் சொன்ன சபையில் ஓர் ஆசனம் மட்டும் காலியாக இருந்தது. என்னைப் பார்க்கச் சகிக்காமல் வரவில்லை என்று எண்ணி, நன்றியோடு கண்கலங்கினேன்."

"தேவி!" மானவீரன் அவள் காலடியில் விழுந்தான். "என் நாவு மறுபடியும் கெடுத்துவிட்டது! என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை மட்டும்..."

"உங்கள் தலை இனி எனக்கு எதற்கு? நான் வாள் கேட்டபோது என் பக்கத்தில் நின்று 'ஆம்' என்று உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, என் ஆடையாலேயே முகத்தை மூடிக்கொண்டு உங்களிடம் ஓடியிருக்கிறார்." அவள் கதவை முழுவதும் திறந்தாள். "காவலர்களை அனுப்பிவிட்டேன். மதிலடியில் தோணி நிற்கிறது. போங்கள். நீங்கள் இறந்தால் அவர் அதைத் தாங்காமல் சபைக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொள்வார், மாவீரனாகச் சாவார். அந்தப் பெருமையை நான் அவருக்குத் தரமாட்டேன்."

"அவரை என்ன செய்யப் போகிறீர்கள்?"

செண்பகநாச்சியார் விளக்கின் சுடர்மேல் வலக்கையைக் கவித்தாள். அனல் பட்டும் கையை எடுக்கவில்லை.

"இந்தச் சுடர்மேல் ஆணை. அவர் பெயர் என் நாவிலிருந்து ஒருநாளும் வெளிவராது. அடுத்த மாதம் குறித்த நாளில் அவருக்கு மாலையிடுவேன். சபையில் அவர் பக்கத்தில் அமர்வேன்; அவர் குழந்தைகளைப் பெறுவேன். அன்று ஓடியது யாரென்று ஒருமுறையும் கேட்கமாட்டேன். அவராகச் சொல்வாரா என்று, என் கடைசி மூச்சுவரை, ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்."